ஐம்பதிலும் வளையலாம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியை நம் கடைவீதிகளில் இப்போது அடிக்கடி கேட்க முடிகிறது. கேட்பவர்கள் முப்பது ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீடு கட்டி, சங்கத்தில் பொறுப்பும் வகித்த நம் மூத்த வணிகர்கள். ஆன்லைன் வியாபாரம் என்ற பேச்சை எடுத்தால் போதும், "அதெல்லாம் சின்னப் பையன்கள் சமாச்சாரம் அண்ணாச்சி, நமக்கு இனிமேல் என்ன?" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

இவர்கள் தளர்ந்து போனதற்குக் காரணம் உண்டு. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் புதிது புதிதாக அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்புகின்றன. ஆனால் அங்கே குடிவரும் இளம் தம்பதிகள் நம் கடைப் படியை மிதிப்பதில்லை. பத்து நிமிடத்தில் பொருள் தருகிறோம் என்று சொல்லும் நிறுவனங்களின் பையன்கள் நம் கடையைத் தாண்டி வண்டியில் பறக்கிறார்கள். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். "கடையை மூடிவிட்டு இடத்தை வாடகைக்கு விட்டால் நிம்மதி" என்று நினைக்கும் வணிகர்கள் ஒரு தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

இப்படி நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆன்லைன் வியாபாரம் தொடங்க வயது தடையல்ல. சொல்லப்போனால், அந்த வியாபாரத்துக்கு முதலில் வேண்டிய பொறுமை நம்மைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது. இளைஞர்களிடம் வேகம் இருக்கலாம். ஆனால் ஒரு சரக்கு விலை ஏறும் வரை காத்திருக்கவும், ஒரு வாடிக்கையாளர் பழகும் வரை காத்திருக்கவும் நமக்குத்தான் தெரியும். அந்தப் பொறுமையை எங்கே, எப்படிச் செலவிடுவது என்பதுதான் கேள்வி.

நமக்குப் புதிதல்ல

ஆன்லைன் வியாபாரம் என்பது என்ன? வாங்குபவர் வீட்டில் இருந்தபடி தேவையைச் சொல்கிறார். நாம் சரக்கை எடுத்து, எடை போட்டு, கட்டி, வீட்டுக்கு அனுப்புகிறோம். பணம் முன்னாலோ பின்னாலோ வருகிறது. இதைத்தானே நம் அப்பாக்கள் செய்தார்கள்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், டன்லப், டி.ஐ. சைக்கிள் ஆலைகளிலும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த குடும்பங்கள் சம்பளம் வந்ததும் மாத மளிகைப் பட்டியலைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாலைக்குள் கடைப்பையன் சைக்கிள் கேரியரில் சாமான்களைக் கட்டி வீட்டில் இறக்கிவிட்டு வருவான். அந்தத் துண்டுச் சீட்டு இன்று செல்போனில் வருகிறது. மாறியது இவ்வளவுதான்.

வெளியூருக்கு அனுப்புவதும் புதிதல்ல. பொருளைத் தபால்காரரிடம் பெற்றுக்கொண்டு அவரிடமே பணம் கட்டும் வி.பி.பி. முறையை நம் நாட்டுத் தபால் துறை 1877-லேயே கொண்டுவந்தது. புத்தகமும் மருந்தும் துணியும் அந்த வழியில் ஊர் ஊராகப் போயின. பொருள் வந்தபின் பணம் என்று இன்று பெரிய நிறுவனங்கள் விளம்பரம் செய்வது அந்தப் பழைய தபால் முறைதான்.

இடம் மாறுவதும் நமக்குப் பழக்கமானதே. 1996-ல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மார்க்கெட் மாறியபோது, இனி வியாபாரம் போச்சு என்று புலம்பிய மொத்த வியாபாரிகள் உண்டு. அவர்களில் பலர் அப்போதே ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆனாலும் மாறினார்கள், பிழைத்தார்கள். பிறகு 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் நம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் திருமழிசைக்கு வந்தது. சேறும் மழையுமாக இருந்த திறந்த வெளியில், செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு திறக்கும் வரை நான்கு மாதத்துக்கு மேல் வியாபாரம் நடந்தது. அதே நாட்களில் நம் சில்லறைக் கடைகள் எத்தனையோ, செல்போனில் பட்டியலைப் படமாக வாங்கி, சாமான்களைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு வந்தன. அப்போது யாரும் வயதைப் பற்றிக் கேட்கவில்லை. அவசியம் வந்தது, செய்தோம். அவசியம் தீர்ந்ததும் விட்டுவிட்டோம். அன்று பிடித்த அந்த நூலை நாம் விட்டதுதான் தவறு என்பது என் கருத்து.

எதிராளியிடமும் பாடம் உண்டு

மளிகைக் கடைக்காரர்களான நாம் பிக்பாஸ்கெட் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்போம். ஆனாலும் அதன் கதை நமக்குத் தெரிய வேண்டியது.

1999-ல் பெங்களூரில் வி.எஸ். சுதாகர், ஹரி மேனன், விபுல் பாரேக், கே. வைத்தீஸ்வரன் உள்ளிட்ட நண்பர்கள் சேர்ந்து ஃபேப்மார்ட் என்ற ஆன்லைன் கடையைத் தொடங்கினார்கள். அன்று நம் நாட்டில் இணையம் என்பது தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்த காலம். கடன் அட்டை வைத்திருந்தவர்கள் சொற்பம். வாங்க ஆள் போதவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? தரையில் இறங்கினார்கள். ஃபேப்மால் என்ற பெயரில் நம்மைப் போலவே கடை திறந்து, அரிசி பருப்பு விற்று, கொள்முதலையும் சேதாரத்தையும் கற்றுக்கொண்டார்கள். பிறகு அந்தக் கடைகள் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போய், மோர் கடைகளாயின.

அத்தோடு கதை முடியவில்லை. அந்த நண்பர்களில் சிலர் 2011 டிசம்பரில் மறுபடி ஆன்லைன் மளிகையைத் தொடங்கினார்கள். அதுதான் பிக்பாஸ்கெட். முதல் முயற்சிக்கும் இரண்டாவது முயற்சிக்கும் நடுவில் 12 ஆண்டுகள். அவர்களுக்கும் 12 வயது கூடியிருந்தது. பத்து நிமிடத்தில் தருகிறோம் என்று அவர்கள் தொடங்கவில்லை. வாங்குபவர் ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுப்பார், அந்த நேரத்தில் சரக்கு போய்ச் சேரும். 2021-ல் டாடா குழுமம் அதில் பெரும்பங்கை வாங்கியது. நடுவில் கடை நடத்திக் கற்றதுதான் அவர்களுடைய உண்மையான முதல். அந்த முதல் நம்மிடம் அவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது.

அழகுசாதனப் பொருட்களை ஆன்லைனில் விற்கும் நைகா நிறுவனத்தை ஃபல்குனி நாயர் 2012-ல் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை வங்கித் துறையில் இருந்தவர், கடை வியாபாரத்துக்கே புதியவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து 2021 நவம்பரில்தான் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. அவர்களிடம் கோடிக்கணக்கில் பணம் இருந்தது, நம்மிடம் இல்லை. அந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஐம்பது வயதில் தொடங்குவது அபத்தம் என்ற பேச்சுக்கு இவை பதில்.

அவசரப்பட்டவர்களின் கதையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வெப்வேன் என்ற ஆன்லைன் மளிகை நிறுவனம் 1999-ல் ஒரு வட்டாரத்தில் வியாபாரம் தொடங்கியது. அங்கே லாபம் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, அதே ஆண்டில் நாடு முழுவதும் பிரம்மாண்டக் கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் திவாலானது. நம் நாட்டில் டன்சோ என்ற நிறுவனத்துக்கு 2022 ஜனவரியில் ரிலையன்ஸ் 20 கோடி டாலர் கொடுத்தது. விரைவு விநியோகத்தில் பணத்தைக் கொட்டினார்கள். 2025 ஜனவரியில் அதன் செயலியே நின்றுபோனது. ஆக, பணம் இருந்தால் போதும் என்பதும் பொய்.

பொறுமை மட்டும் இருந்தால் போதும் என்பதும் பொய்தான். ஃபேப்மார்ட்டின் ஆன்லைன் பகுதியை வைத்தீஸ்வரன் தொடர்ந்து நடத்தினார். அது இந்தியாபிளாசா என்ற பெயரில் 2013 வரை இயங்கி, பணம் வற்றி மூடப்பட்டது. அவர் பொறுமை இல்லாதவர் அல்லர். பல ஆண்டுகள் விடாமல் நடத்தியவர். கையில் இருப்புப் பணம் தீர்ந்தால் பொறுமையும் தீர்ந்துவிடும் என்பதே இதில் நாம் கற்க வேண்டியது. கடைக்காரருக்கு இதைச் சுருக்கமாகச் சொன்னால்: கடை வருமானத்தில் தொட்டுக்கொள், கடையின் முதலைத் தொடாதே.

முதல் ஆண்டு: நம் தெரு

இனி, எப்படித் தொடங்குவது? நான் அம்பத்தூர் பக்கம் மளிகை வியாபாரம் செய்பவன். 56 வயதில் இதில் இறங்கினேன். தவறுகள் செய்தேன். அதிலிருந்து கிடைத்த அனுபவத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் ஆண்டில் நம் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் தாண்டக் கூடாது. 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். கடையின் பெயர், நேரம், முகவரி, சரக்கின் படம், விலை எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்கலாம். கடைக்கென்று தனியாக ஒரு எண் வாங்குங்கள். வீட்டு எண்ணைக் கொடுத்தால் இரவு பத்து மணிக்குப் பால் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதி, பில் தாளிலும் அச்சடியுங்கள்.

செல்போனைக் கையாள யாரிடம் கற்பது என்று கூச்சப்பட வேண்டாம். எனக்குக் கற்றுக் கொடுத்தவன் என் கடைப்பையன். நான் அவனுக்கு எடை போடக் கற்றுக் கொடுத்தேன், அவன் எனக்குப் படம் எடுத்துப் போடக் கற்றுக் கொடுத்தான். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

பத்து நிமிடப் போட்டியில் இறங்கவே கூடாது. அது நம் ஆட்டமல்ல. காலை 11 மணிக்கு ஒரு நடை, மாலை 6 மணிக்கு ஒரு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். "பத்து மணிக்குள் சொன்னால் பதினொன்றுக்கு வரும்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்புங்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு அரிசியும் எண்ணெயும் பத்து நிமிடத்தில் தேவையில்லை. ஏமாற்றாத எடை, கல்லும் வண்டும் இல்லாத பருப்பு, சொன்ன நேரம் ஆகியவைதான் தேவை. "போன தடவை துவரம் பருப்பு சரியாக வேகவில்லை" என்று ஒரு அம்மா சொன்னால், அடுத்த முறை வேறு மண்டிச் சரக்கை எடுத்துக் கொடுக்க நம்மால் முடியும். கிடங்கில் பொட்டலம் எடுக்கும் பையனால் அது முடியாது.

முதல் மாதம் எனக்கு வந்தது வெறும் 11 ஆர்டர். அதில் நான்கு என் உறவினர்களுடையது. வீட்டில் சிரித்தார்கள். ஆறாவது மாதம்தான் எதிரே உள்ள அடுக்குமாடியில் ஒரு பெண் எங்கள் எண்ணைத் தங்கள் குடியிருப்புக் குழுவில் போட்டார். அதன் பிறகுதான் நிலைமை மாறியது. அந்த ஆறு மாதமும் நான் செய்தது ஒன்றுதான். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் காலையில் அன்றைய விலைப்பட்டியலைப் போட்டுக்கொண்டே இருந்தேன். கடை திறந்ததும் போணி ஆகாவிட்டால் நாம் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுகிறோமா?

இரண்டாம் ஆண்டு: ஒரே ஒரு சரக்கு

உள்ளூர் வியாபாரம் நிலைத்த பிறகு வெளியூரை நினைக்கலாம். அதற்கும் முழுக் கடையையும் ஏற்ற வேண்டியதில்லை. நம்மிடம் தனிச்சிறப்பாக உள்ள ஒரே ஒரு சரக்குப் போதும். ஒருவருக்கு அது மரச்செக்கு எண்ணெய், இன்னொருவருக்கு நாட்டு மருந்து, மற்றொருவருக்குப் பூஜைச் சாமான். சேதமாகாதது, எடை குறைந்தது, சீக்கிரம் கெடாதது, மதிப்பு உள்ளது என்ற நான்கும் பொருந்த வேண்டும்.

நான் இதில்தான் சறுக்கினேன். அப்பளத்தில் தொடங்கினேன். 40 கட்டு அனுப்பியதில் பாதிக்குமேல் நொறுங்கித் திரும்பி வந்தது. கூரியர்க்காரர் பொறுப்பேற்கவில்லை. வாங்கியவர்களுக்கு என் கையிலிருந்து பணம் கொடுத்தேன். அதன் பிறகுதான் இட்லிப் பொடி, பருப்புப் பொடிக்கு மாறினேன்.

கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது. ஒரு உதாரணம் பாருங்கள். 250 ரூபாய்க்குப் பொடி விற்கிறோம். அடக்கம் 160 ரூபாய். பெட்டியும் ஒட்டு நாடாவும் 12, பார்சல் கூலி 55, விற்றுத் தரும் நிறுவனத்துக்குத் தரகு பத்து சதவீதம் என்று வைத்தால் 25. மொத்தம் 252. இரண்டு ரூபாய் கைநஷ்டம்! அதே பொடி 600 ரூபாய்க்கு ஒரே ஆர்டராகப் போனால் அடக்கம் 384, பெட்டி 15, கூலி 80, தரகு 60, ஆக 539. மிச்சம் 61 ரூபாய். கூலியும் தரகும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பாடம் மாறாது. சிறு ஆர்டர் பார்சல்காரரை வாழ வைக்கும், பெரிய ஆர்டர்தான் நம்மை வாழ வைக்கும். எனவே குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். பத்து பார்சலில் ஒன்று திரும்பி வரும் என்று வைத்தே விலை போடுங்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொள்வோம்

நம்மில் பலர் தயங்குவதற்கு வரி பயமும் காரணம். தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

பொருள் மட்டும் விற்பவருக்கு நம் மாநிலத்தில் ஜி.எஸ்.டி. பதிவுக்கான விற்றுமுதல் வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். முன்பெல்லாம் ஆன்லைன் நிறுவனம் மூலம் விற்றால் ஒரு ரூபாய் விற்றாலும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்த்தப்பட்டது. வரம்புக்குக் கீழே உள்ள சிறு வணிகர் பான் எண்ணைக் கொண்டு இணையத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று, தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம். இணக்க முறை எனப்படும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களும் மாநிலத்துக்குள் அப்படி விற்கலாம். ஆனால் வரி உள்ள சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் முறையான ஜி.எஸ்.டி. பதிவு தேவை. ஓசூர் வரை அனுப்பலாம், பெங்களூருக்கு அனுப்பினால் சட்டம் வேறு. பதிவு பெற்றவர் ஆன்லைன் நிறுவனம் மூலம் விற்கும்போது அந்த நிறுவனம் அரை சதவீதத்தைப் பிடித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டும். 2024 ஜூலை வரை அது ஒரு சதவீதமாக இருந்தது. அது நம் பணம், கணக்கில் கேட்டுப் பெற வேண்டும்.

மூட்டையில் வாங்கிய பருப்பை நம் பெயர் போட்ட பொட்டலத்தில் கட்டினால், சட்டத்தின் பார்வையில் நாம் பொட்டலமிடுபவர் ஆகிவிடுகிறோம். எடையளவுச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்ட மாதமும் ஆண்டும், புகார் செய்யும் எண் ஆகியவை பொட்டலத்தில் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும்போது இவற்றில் பெரும்பாலானவை திரையிலும் தெரிய வேண்டும் என்பது 2018 முதல் விதி. உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் எண் அவசியம். காலாவதி நெருங்கிய சரக்கை ஆன்லைனில் தள்ளிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாங்குபவர் கைக்குப் போகும்போது ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது 45 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில், யு.பி.ஐ. மூலம் வந்த பணத்தை வைத்துச் சிறு வணிகர்களுக்கு வரித்துறை அறிவிப்பு அனுப்பியது நினைவிருக்கும். பலர் பயந்து, ரொக்கம் மட்டும் என்று பலகை மாட்டினார்கள். என் கருத்து வேறு. செல்போனில் வரும் பணம் ஒளியாது. எனவே கொள்முதல் பில்லை ஒளிக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு. வரி இல்லாத சரக்கு எவ்வளவு, வரி உள்ளது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். சொந்தக் கணக்கும் கடைக் கணக்கும் ஒரே எண்ணில் இருக்கவே கூடாது. இன்னொன்று: பணம் பெறுவதற்கு நாம் ரகசிய எண்ணைப் போட வேண்டிய அவசியமே இல்லை. போடச் சொல்பவன் திருடன்.

மூன்றாம் ஆண்டும் அதன் பிறகும்

இவ்வளவும் பழகிய பிறகு பெரிய ஆன்லைன் நிறுவனங்களிலோ, அரசு ஆதரவுடன் 2021 இறுதியில் நிறுவப்பட்ட ஓ.என்.டி.சி. வலைப்பின்னலிலோ சேர்வதை யோசிக்கலாம். அதன் சோதனை ஓட்டம் 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் தொடங்கியபோது நம் கோவையும் அதில் ஒன்றாக இருந்தது. எதில் சேர்ந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தரகு எவ்வளவு? பணம் எத்தனை நாளில் வரும்? திரும்பி வரும் சரக்கின் செலவு யாருடையது? தள்ளுபடி அறிவித்தால் அந்தத் தொகை யார் தலையில் விழும்? தெளிவான பதில் இல்லாத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இந்த மூன்று ஆண்டுக்கும் ஆன்லைன் வியாபாரத்துக்குத் தனி நாள்பேடு, தனிப் பேரேடு வையுங்கள். நம் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டு எழுதுங்கள். கடன் வாங்கித் தொடங்காதீர்கள். ஏற்கெனவே கடனில் உள்ளவர் முதலில் அதை அடைக்கட்டும். கடையில் ஒற்றை ஆளாக இருப்பவரும் அவசரப்பட வேண்டாம். பார்சல் கட்டப் போய்க் கல்லாவைக் கவனிக்காமல் விட்டால் இரண்டும் போகும். மூன்று ஆண்டு முடிவில் பேரேடு லாபம் காட்டவில்லை என்றால் நிறுத்துவதில் அவமானம் இல்லை. பொறுமைக்கும் பிடிவாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேரேடுதான் சொல்லும்.

சங்கம் செய்ய வேண்டியது

சில வேலைகள் தனி மனிதரால் ஆகாது. பெரிய நிறுவனங்களை எதிர்த்து நாம் ஆர்ப்பாட்டம் செய்கிறோம், மனு கொடுக்கிறோம். அவை வேண்டியவைதான். அவற்றோடு இன்னும் சிலவற்றைச் செய்யலாம் என்பது என் வேண்டுகோள்.

ஒரே சாலையில் உள்ள ஐந்து கடைகள் சேர்ந்து ஒரு விநியோகப் பையனை வைத்துக்கொள்ளலாம். சம்பளம் ஐந்தில் ஒரு பங்காகும். வெளியூர்ப் பார்சல்களைச் சங்கம் மொத்தமாகப் பேசி அனுப்பினால் கூலி குறையக்கூடும். பொட்டலப் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜி.எஸ்.டி. சேர்க்கை எண் ஆகியவற்றுக்கு மாதம் ஒருநாள் சங்கக் கட்டடத்தில் முகாம் நடத்தலாம். ஐம்பதைத் தாண்டிய உறுப்பினர்களுக்கென்று தனியாக, அவர்கள் கூச்சமின்றிக் கேள்வி கேட்கும்படி, செல்போன் வகுப்பு நடத்தலாம். கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் போதும். கடைக்கு வர மறுக்கும் மகனும் மகளும் அந்த வழியாகவாவது கடைக்குள் ஒரு கால் வைப்பார்கள். பிறகு மறு காலும் வரக்கூடும்.

பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. நம் பகுதிக்கு இன்னும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் குடிவருவார்கள். அவர்களுக்கும் அரிசி வேண்டும், பருப்பு வேண்டும், நல்ல எண்ணெய் வேண்டும். அதை யார் கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. பெரிய நிறுவனங்களிடம் பணமும் கிடங்கும் இருக்கின்றன. நம்மிடம் பெயர் சொல்லிக் கூப்பிடும் வாடிக்கையும், சரக்கைக் கையில் எடுத்ததும் தரம் சொல்லும் அனுபவமும், காத்திருக்கும் மனமும் இருக்கின்றன. அதோடு ஒரு செல்போனையும் சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

மூங்கில் ஐந்தில் வளையும், ஐம்பதில் வளையாது என்பது மரத்துக்குச் சொன்னது. வணிகன் மரமல்ல. பதறாத காரியம் சிதறாது. நாளைக் காலை கடை திறந்ததும் அந்த எண்ணைப் பலகையில் எழுதுங்கள், மற்றது மெதுவாக வரட்டும்.